கேளாமல் விட்ட அம்பு

அம்பு நாணை விட்டுப் போன பிறகுதான், தாம் அதை விட்டுவிட்டோம் என்பது ஹார்லன் பிரெக்கிக்குத் தெரிந்தது.

அக்டோபர் மாதத்து விடியல். விஸ்கான்சின் மலைமடிப்புகளில் மூடுபனி இன்னும் கலையவில்லை. தம் நிலத்தின் கோடியில் இருக்கும் ஓக் மரத்தில் பரண் கட்டி, வெளிச்சம் வருமுன்பே ஏறி உட்கார்ந்திருந்தார். பெண்மான் ஒன்று உதிர்ந்த கொட்டைகளைப் பொறுக்கித் தின்றபடி மரத்தடிக்கு வந்தது. கை வில்லைத் தூக்கியது. தோள் இழுத்தது. விரல் விட்டது. அவ்வளவுதான். வேலை முடிந்து பால் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த பிறகு, வழியில் கடந்த பாலமும் வளைவும் ஒன்றுகூட நினைவில் இல்லாமல் போகுமே, அப்படி.

மானின் முதுகு கூன் போட்டது. அது துள்ளி ஓடவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு, வயிற்றுவலிக்காரர் நடப்பதுபோல மெல்ல நடந்து புதருக்குள் போயிற்று. நெஞ்சில் பட்டிருந்தால் பாய்ந்து ஓடிச் சற்றுத் தூரத்திலேயே விழுந்திருக்கும். அரை மணி கழித்து இறங்கி, மானைத் துளைத்து அந்தப் பக்கம் தரையில் குத்தி நின்ற அம்பை எடுத்து முகர்ந்து பார்த்தார். ரத்தத்தோடு பச்சைக் கசடு. புளித்த நாற்றம். சந்தேகமே இல்லை, வயிற்றில்தான் பட்டிருக்கிறது.

வயிற்றில் பட்ட மானைப் பின்தொடரக் கூடாது. ஆள் வருவது தெரிந்தால் அது வலியோடு எழுந்து மைல் கணக்கில் ஓடும். விட்டுவிட்டுப் போனால், பக்கத்திலேயே எங்காவது படுத்துக்கொள்ளும். பாதி நாளாவது காத்திருந்து, அப்புறம்தான் தேடப் போகவேண்டும். அடிபட்ட உயிருக்கு அடித்தவன் செய்யக்கூடிய உதவி, வீட்டுக்குப் போய் உட்காருவது.

ஹார்லன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்.

சமையலறையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் மார்லிஸின் மேல்கோட்டு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி மார்ச் மாதம் இறந்துபோனாள். கடைசி வேளையில் பக்கத்தில்தான் இருந்தார், கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். கை வெறும் கையாக இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. அடக்கத்தின்போது வரும் என்று நினைத்தார். அப்போதும் வரவில்லை. சர்ச்சுப் பெண்கள் மாறி மாறிச் சுடச்சுட உணவு கொண்டுவந்து வைத்தார்கள். உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே தின்று, பாத்திரங்களைக் கழுவி, யார் யாருடையது என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரோடும் சேர்ந்து ஜெபம் சொன்னார். சொற்கள் தொலைவில் போகும் லாரிச் சத்தம்போல அவரைத் தாண்டிப் போயின. கடவுள் மேல் கோபம் இருந்தாலும் பரவாயில்லை. அதுவும் இல்லை.

மைத்துனன் டூவெய்னுக்குப் போன் செய்தார். மார்லிஸின் தம்பி அவன். அடிபட்ட மானை மோப்பம் பிடித்துத் தேடிக் கொடுக்கும் ஹில்டா என்ற பெட்டை நாய் வைத்திருக்கிறான். யார் கூப்பிட்டாலும் போவான், காசு வாங்குவதில்லை.

“எங்க பட்டுச்சு?” என்றான் டூவெய்ன்.

“வயித்துல.”

“அட, மத்தவனெல்லாம் ‘கொஞ்சூண்டு பின்னால’ம்பான். நீதான் நேராச் சொல்ற. பின்னாடியே போனியா?”

“போகல.”

“எல்லாரும் போகலன்னுதான் சொல்லுவாங்க. அங்க போய்ப் பார்த்தா பூட்ஸ் தடம் திருவிழாவுக்குப் போன மாதிரி கிடக்கும்.”

“போகல டூவெய்ன்.”

“சரி, சரி. காப்பி போட்டுக் குடி. மத்தியானத்துக்கு மேல வரேன். ஹில்டாவுக்கு இன்னிக்கு நகம் வெட்டலாம்னு இருந்தேன். தப்பிச்சா.”

காப்பி போட்டார். குடித்தாரா என்பது நினைவில்லை. பிறகு பார்த்தபோது கோப்பை நிறைய ஆறிக் கிடந்தது.

இளம் வயதில் அவரும் மற்றவர்களைப்போலத் துப்பாக்கியோடுதான் காட்டுக்குப் போனார். நவம்பரில் துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்கும் சனிக்கிழமை, மலைகள் சோளம் பொரிவதுபோலச் சத்தம் போடும். ஒருமுறை வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் நின்ற மானைச் சுட்டார். நல்ல குறி. நடந்து போய்ப் பார்த்தபோது அது செத்துக் கிடந்தது. அதன் முகத்தை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தார். தமக்கு அறிமுகமே இல்லாத ஒன்றைக் கொன்றுவிட்டதுபோல இருந்தது. மறு வருஷம் துப்பாக்கியை டூவெய்னுக்கு விற்றுவிட்டு வில் வாங்கினார்.

வில்லுக்கு மான் மிகக் கிட்டத்தில் வரவேண்டும். அது மெல்லும் சத்தம் கேட்கும். இமை மயிர் தெரியும். காற்று லேசாகத் திரும்பினாலும் போச்சு, மான் நின்ற இடம் காலியாக இருக்கும். அத்தனை கிட்டத்தில் ஓர் உயிரைப் பார்க்கும்போது, நாணை இழுக்குமுன் அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. இது வேண்டுமா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொள்வார். யாரைக் கேட்டார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. பல காலைகளில் வேண்டாம் என்று பதில் வரும். சும்மா இறங்கி வருவார்.

“காட்டுல உக்காந்து ஜெபம் பண்ணிட்டு வர்றதுக்கு ஒரு லைசென்ஸ், ஒரு வில்லு, இலை போட்ட சட்டை அரை டஜன்!” என்று மார்லிஸ் சிரிப்பாள்.

சர்ச்சில் ஆண்கள் கூடும் காலை உணவின்போதும் யாராவது சீண்டினால், ‘வில்லுல நெனைக்காம கொல்ல முடியாதுப்பா’ என்பார். அதை உண்மை என்று நம்பித்தான் இத்தனை வருஷம் சொல்லி வந்தார்.

இன்று காலை கேட்கவில்லை. குளிர்பெட்டியில் சென்ற வருஷத்து இறைச்சியே இன்னும் கிடக்கிறது, தின்ன ஆளில்லை. ஒரு தேவையும் இல்லாமல், ஓர் எண்ணமும் இல்லாமல் விட்டுவிட்டார். எங்கோ ஒரு புதரில் அது உயிரோடு கிடக்கிறது. அதை நினைத்தால் பதற வேண்டும். பதறவில்லை. பதறவில்லையே என்ற பயம் மட்டும், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கிருந்தோ லேசாகக் கேட்டது.

மத்தியானத்துக்கு மேல் டூவெய்ன் வந்தான். கதவளவு அகலமான ஆள். அவன் பிடித்திருந்த நீளக் கயிற்றின் மறுமுனையில், நீண்ட உடம்பும் குட்டைக் காலுமாக, பழைய பாத்திரம் தேய்க்கும் பிரஷ் போன்ற ரோமத்தோடு ஹில்டா.

“ஏன் மச்சான், துப்பாக்கிக்காரன் எவனாவது இவளக் கூப்பிடறானா சொல்லு? எப்பவோ ஒருத்தன். மீதியெல்லாம் உன்னாட்டம் வில்லுக்காரப் புண்ணியவானுங்கதான். நீங்க மரத்து மேல உக்காந்து தத்துவம் பேசுங்க, முள்ளுக்குள்ள நான் தவழறேன்.”

வழக்கமாக இதற்கு ஹார்லனிடம் ஒரு பதில் இருக்கும். இன்று அம்பை எடுத்து நீட்டினார். டூவெய்ன் அதை முகர்ந்து பார்த்தான், அவர் முகத்தையும் பார்த்தான்.

“சாப்டியா?” என்றான், வேறு குரலில்.

“ம்.”

“பொய் சொல்ற.” சட்டைப்பையிலிருந்து காகிதம் சுற்றிய ரொட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். “பன்றிக் கறி வெச்சிருக்கு. நடந்துக்கிட்டே தின்னு. ஹில்டா பார்க்காம தின்னு.”

மரத்தடியில் ஹில்டாவின் மூக்கைத் தரையில் காட்டினான். அவள் அங்கும் இங்கும் சுற்றினாள். தும்மினாள். பிறகு கயிறு விறைத்தது. அதற்கப்புறம் அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மனிதக் கண்ணுக்கு ஒரு சொட்டு ரத்தமும் தெரியாத இடத்திலெல்லாம் நேராகப் போனாள். குட்டைக் கால்களால் விழுந்த மரத்தைத் தாண்ட முடியாதபோது, டூவெய்ன் வயிற்றோடு சேர்த்துத் தூக்கி அந்தப் பக்கம் விட்டான், பையைத் தூக்கி வைப்பதுபோல.

ஊசியிலை மரங்களுக்கு அடியில் சருகு வட்டமாக அழுந்திக் கிடந்தது. நடுவில் கறுத்த ரத்தம்.

“இங்க படுத்திருக்கு,” என்றான் டூவெய்ன். “உன் தடம் எங்கயும் இல்ல. நீ உண்மையத்தான் சொல்லியிருக்க. தாகம் எடுத்துத் தானா எழுந்து போயிருக்கு.”

அங்கிருந்து சரிவில் இறங்கினார்கள். கம்பிவேலி வந்தது. ஹில்டா கம்பிக்கு அடியில் நுழைந்து கயிற்றை இழுத்தாள். வேலித் தூணில் புதுப் பலகை. வேட்டைக்கு வருகிறவர்கள் உள்ளே வரக்கூடாது என்று பெரிய எழுத்தில் இருந்தது.

டூவெய்ன் கயிற்றைச் சுருட்டி நாயை இழுத்துக்கொண்டான். “போச்சு. இது அந்தம்மா இடம்.”

“யாரு?”

“ரொவீனான்னு பேரு. மில்வாக்கியிலருந்து வந்து அந்தப் பழைய தோட்டத்த வாங்கினாங்களே. போன வருஷம் மேட்டு வீட்டுப் பசங்க போய், எங்க மான் உள்ள வந்துருச்சுன்னு கேட்டானுங்க. கதவச் சாத்தின சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு.”

அனுமதி இல்லாமல் வேலி தாண்டுவது சட்டத்துக்கும் ஆகாது, அக்கம்பக்கத்துக்கும் ஆகாது. டூவெய்ன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

“மச்சான், பாதிப் பேரு இந்த வேலியோட வீட்டுக்குப் போயிருவான். நான் பார்த்திருக்கேன். உன்னால ஆனதச் செஞ்சுட்ட. கயோட்டி நரிங்களும் திங்கணுமில்ல.”

“நரி வர்ற வரைக்கும்?”

டூவெய்ன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

ஹார்லன் வில்லையும் அம்புகளையும் தம் பக்கத்து வேலித் தூணில் மாட்டினார். கேட்கப் போகிறவன் கையில் ஆயுதம் இருக்கக்கூடாது. பிறகு வேலி ஓரமாக நடந்து, தார் ரோட்டுக்கு ஏறி, அந்த வீட்டு வாசல் வழியாகவே போனார். பின்னால் டூவெய்ன், நாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

கதவைத் தட்டினார். யாரும் வரவில்லை. வீட்டின் பின்புறம் எதுவோ சொத்தென்று விழும் சத்தம் கேட்டது. காகம் ஒன்று கரைந்துகொண்டு பறந்தது.

“யாரா இருந்தாலும் மெதுவா வாங்க. பூட்ஸ் சத்தம் வேணாம்,” என்றது ஒரு பெண்குரல்.

கொல்லையில் நாலைந்து ஆப்பிள் மரங்கள். அவற்றுக்குச் சற்றுத் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில், கம்பளித் தொப்பியும் கனத்த மேல்கோட்டுமாக அறுபது வயதைத் தாண்டிய பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடி நிறைய உதிர்ந்த ஆப்பிள்கள். ஒன்றை எடுத்து, மரக்கிளையில் வந்து உட்கார்ந்த காகத்தை நோக்கி எறிந்தாள். குறி தப்பிற்று. ஆனால் காகம் எழுந்து போயிற்று.

அந்த மரத்தடியில் பெண்மான் படுத்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது.

ஹார்லன் தொப்பியைக் கழற்றினார். “என் பேரு ஹார்லன் பிரெக்கி, அம்மா. மேற்கால நிலம் என்னுது. இவன் என் மைத்துனன் டூவெய்ன்.”

“பால் வண்டிக்காரர்தானே. பார்த்திருக்கேன்.” அவள் மானைக் காட்டினாள். “நீங்க செஞ்சதா?”

“ஆமாம்மா. நான்தான்.”

திட்டுவாள் என்று டூவெய்ன் ஓரடி பின்வாங்கினான். அவள் திட்டவில்லை. இன்னொரு ஆப்பிளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“காலையில தள்ளாடித் தள்ளாடி வந்துச்சு. தொட்டியில தண்ணி குடிச்சுது. அப்புறம் இங்க படுத்துருச்சு. யாருக்குப் போன் பண்றதுன்னு எனக்குத் தெரியல. உள்ள போயிரலாம்னுதான் எழுந்தேன். காக்கா இறங்கிருச்சு. நேராக் கண்ணுக்கு வருதுங்க, உசுரு இருக்கும்போதே. தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“எனக்குத் தெரியாது. அதான் உக்காந்துட்டேன்.”

அவள் மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது. காலடியில் காலியான தண்ணீர்க் குப்பி. காலையிலிருந்து அவள் அங்கேயே இருந்திருக்கிறாள், தனக்கு ஒன்றும் ஆகாத ஒரு பிராணிக்காக, கையில் கிடைத்த ஆப்பிளை எறிந்துகொண்டு. அதில் ஹார்லனுக்கு ஏதோ உறைக்க வேண்டும்போல இருந்தது. உறைக்கிறதா என்று காத்துப் பார்த்தார். மரத்துப்போன பல்லை நாக்கு தொட்டுப் பார்ப்பதுபோல.

“ஒண்ணு கேக்கணும்,” என்றாள் ரொவீனா. “காலையிலருந்து இதப் பார்த்துக்கிட்டு அதையேதான் யோசிச்சேன். துப்பாக்கின்னா அங்கயே விழுந்திருக்கும். எதுக்கு அம்பு? ஆதிமனுசன் ஆட்டமா?”

ஹார்லன் வாயைத் திறக்குமுன் டூவெய்ன் பேசினான். “துப்பாக்கியும் குறி தப்பும்மா. நான் துப்பாக்கிக்காரன். எனக்கே தப்பியிருக்கு. வெளிய சொல்லிக்கிறதில்ல, அவ்வளவுதான்.”

ஹார்லன் திரும்பி அவனைப் பார்த்தார். டூவெய்ன் ஹில்டாவின் காதில் ஒட்டியிருந்த முள்ளை மும்முரமாக எடுத்துக்கொண்டிருந்தான். எத்தனையோ வருஷச் சீண்டலில் அவன் இதை ஒப்புக்கொண்டதே இல்லை.

“வில்லுன்னா கிட்டப் போகணும்,” என்று ஆரம்பித்தார் ஹார்லன். “மூஞ்சியப் பார்க்காம கொல்ல முடியாது. பார்த்தா பெரும்பாலும் மனசு வராது, விட்டுருவேன். இது வேணுமான்னு ஒரு தடவ கேட்டுக்குவேன். துப்பாக்கியில அதுக்கு இடமில்லன்னு...”

நிறுத்திக்கொண்டார். சர்ச்சில் பலமுறை சொன்ன அதே வரிசையில் சொற்கள் வந்தன.

“அப்ப இதக் கேட்டுத்தான் விட்டீங்க,” என்றாள் ரொவீனா.

“இல்லம்மா. இன்னிக்குக் கேக்கல. கை பாட்டுக்கு விட்டுருச்சு. நான் அங்க இல்ல.” சற்றுப் பொறுத்து, “மார்ச்சுல என் வீட்டுக்காரி போயிட்டா. அதுலருந்து எங்கயுமே நான் இல்ல. சாக்குச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. கேட்டீங்க, சொல்றேன்.”

இப்படி ஒரு வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பாதிரியாரிடம்கூட, ‘பரவாயில்லை, நாள் போகுது’ என்றுதான் சொல்லி வந்தார். டூவெய்ன் முள்ளெடுப்பதை நிறுத்திவிட்டான்.

ரொவீனா மன்னிக்கவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. “அதுக்கு நான் என்ன சொல்றது,” என்றாள். “இப்ப இதுக்கு என்ன செய்யணும்? அதச் சொல்லுங்க.”

“இன்னொரு அம்பு போடணும். இல்லன்னா ராத்திரி பூரா இப்படியே கிடக்கும்.”

“இவர் துப்பாக்கிக்காரர்ங்கிறாரே?”

“இது வில் பருவம்மா,” என்றான் டூவெய்ன். “துப்பாக்கி எடுத்தா சட்டம் விடாது. எடுக்கலாம்னா மூணு பேருக்கும் நிம்மதி.”

அவள் மானைப் பார்த்தாள். “சரி, வில்ல எடுத்துட்டு வாங்க. வேலி வழியாவே வாங்க, சுத்த வேணாம்.”

வில்லோடு திரும்பி வந்தபோது மான் அவரைப் பார்த்துவிட்டது. ஓடப் பார்த்து முன்கால்களை ஊன்றியது. முடியவில்லை. நெஞ்சு நேராக அவர் பக்கம் திரும்பியிருந்தது. அப்படி நேராக அம்பு விடக்கூடாது, எலும்பில் பட்டால் இன்னொரு வேதனை. பக்கவாட்டுக்கு நகர்ந்தார். அம்பை நாணில் பூட்டினார்.

“நீங்க உள்ள போயிருங்கம்மா,” என்றார்.

“காலையிலருந்து இருந்துட்டேன். இப்பப் போனா எப்படி?”

கை வில்லைத் தூக்கியது. தோள் இழுத்தது. அதே வழவழப்பு. காலையில் இருந்த அதே வழவழப்பு. விரல் தானாக விடப்போவது அவருக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு திடுக்கிடல். நாணை விடாமல், கஷ்டப்பட்டு, மெல்லத் தளர்த்தி முன்னால் கொண்டுவந்தார்.

“என்ன மச்சான்?” என்றான் டூவெய்ன் கிசுகிசுப்பாக.

“கை பாட்டுக்குப் போகுது.”

“குடு, நான் போடறேன்.”

“உனக்கு வில் லைசென்ஸ் கிடையாது. குறியும் வராது.”

“ரெண்டும் உண்மைதான்.”

ஹார்லன் வில்லை மடியில் வைத்துக்கொண்டு ஈரப் புல்லில் முழங்காலிட்டார். மானைப் பார்த்தார். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறார். வயசான பெண்மான். மோவாய் வெளுத்திருந்தது. இடது காது எப்போதோ கிழிந்து ஆறியிருந்தது. கழுத்தில் ஒட்டுப்புல் விதைகள். ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கிலிருந்து ஆவி வந்தது, வருவதற்கு நேரமாயிற்று. கடைசி வேளையில் மார்லிஸின் மூச்சும் இப்படித்தான் தாமதித்து வந்தது. அப்போது அவர் பிடித்துக்கொண்டிருந்த கை. சூடாக, வறண்டு, கட்டைவிரலில் ஊசி குத்திய தழும்போடு. இருந்திருக்கிறது. அவருக்குத் தெரியாமலே அது அவரிடம் இருந்திருக்கிறது.

இது வேண்டுமா?

வேண்டாம் என்றுதான் பதில் வந்தது. வேண்டாம், ஆனாலும் செய்தாக வேண்டும். அப்படி ஒரு பதில் இத்தனை வருஷத்தில் வந்ததில்லை.

மான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அது முகத்தைத் திருப்பாமல் அதன் தோளுக்குப் பின்னால் அம்பு விட இடம் கிடைக்காது. ரொவீனா நாற்காலியிலிருந்து எழுந்தாள். மடியிலிருந்த ஆப்பிள்கள் உருண்டன. மரங்களைச் சுற்றிக்கொண்டு மிக மெதுவாக மறுபக்கம் போய் நின்றாள். காலையிலிருந்து பேசிப் பழகிய குரலில் பேசினாள்.

“இங்க பாரும்மா. இங்கதான் இருக்கேன். காக்கா போயிருச்சு. இங்க பாரு.”

மானின் காதுகள் திரும்பின. பிறகு கழுத்து. காலையிலிருந்து கேட்ட குரல் அல்லவா? அது அவள் பக்கம் பார்த்தது.

ஹார்லன் நாணை இழுத்தார். இம்முறை கனமாக இருந்தது. தோள்பட்டையில் வலித்தது. இழுத்துப் பிடித்து, விடுகிறேன் என்று நினைத்து, விட்டார்.

மான் ஒருமுறை பெருமூச்சு விட்டது. தலை மெல்லத் தாழ்ந்து புல்லில் படிந்தது. இன்னொரு மூச்சு வந்தது. அப்புறம் வரவில்லை.

“காக்கா போயிருச்சு,” என்று ரொவீனா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்தினாள்.

யாரும் அசையவில்லை. அம்பு விட்ட பிறகு காத்திருக்க வேண்டும் என்பது முறை. ஆனால் அதற்காக மட்டும் அவர்கள் நிற்கவில்லை. ஹார்லனின் உதடுகளில் தினம் சொல்லும் ஜெபம் வந்தது. பாதிக்கு மேல் வரவில்லை. வந்த பாதி, அவரைத் தாண்டிப் போகாமல் அங்கேயே இருந்தது.

டூவெய்ன் ஹில்டாவை இறக்கி விட்டான். தேடியதைக் கண்டுபிடித்த நாய்க்கு அதை முகர்ந்து பார்க்க உரிமை உண்டு. அவள் மானைச் சுற்றி வந்து வாலாட்டினாள். டூவெய்ன் பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றை ஊட்டிவிட்டு, “கெட்டிக்காரி,” என்றான் தணிந்த குரலில்.

மானை அங்கேயே வகுந்து சுத்தம் செய்வதுதான் வழக்கம். ஹார்லன் கத்தியை எடுக்கவில்லை. “உங்க மரத்தடியில வேணாம்மா. அப்படியே இழுத்துட்டுப் போறோம்,” என்றார். “வயித்துப் பக்கம் கெட்டிருக்கும். மீதிய சர்ச் விருந்துக்குக் குடுத்துருவேன்.”

“என்னக் கூப்பிடாதீங்க. நான் திங்க மாட்டேன்.”

“இல்லம்மா.”

“ஆப்பிள் கேக் வேணும்னா செஞ்சு அனுப்பறேன். அதக் கொண்டுபோங்க.” சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

இருவருமாக மானை வேலிவரை இழுத்தார்கள். டூவெய்ன் வண்டியைக் கொண்டுவரப் போனான். ஹார்லன் மட்டும் திரும்பி வந்து, தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு, புல்லில் இருந்த ரத்தத்தைக் கழுவிவிட்டார். மண் உறிஞ்சும்வரை ஊற்றினார். உருண்டு கிடந்த ஆப்பிள்களைப் பொறுக்கி நாற்காலியில் வைத்தார்.

ரொவீனா ஓர் அகலப் பாத்திரத்தில் வெந்நீரும், தோளில் துண்டுமாக வந்தாள். “புல்லு கிடக்கட்டும். கையக் கழுவுங்க.”

கையை உள்ளே விட்டார். சுட்டது. சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டார்.

“ரொம்பச் சூடா?”

“இல்ல. கை விறைச்சுப் போயிருக்கு. எனக்கே தெரியல.” மறுபடி மெல்ல விட்டார். விரல்களில் ஊசி குத்துவதுபோல வலி ஏறியது. வலியோடு அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். அவள் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் சிவந்து, பிறகு ஆறிற்று.

வண்டியில் திரும்பினார்கள். “இந்த வருஷம் இன்னும் ஏறுவியா பரண்ல?” என்றான் டூவெய்ன்.

“இல்ல. இந்த வருஷம் வேணாம்.”

“அடுத்த வருஷம்?”

“தெரியல. கேட்டுப் பார்க்கணும்.” ஜன்னலுக்கு வெளியே அறுத்த சோளக்காடு போய்க்கொண்டிருந்தது. “உன்ன யாராவது கூப்பிட்டாங்கன்னா என்னையும் கூப்பிடு. கயிறு பிடிக்கிறேன்.”

“குளிரும். முள்ளு கிழிக்கும். காசு கிடையாது. கூப்பிடறவனெல்லாம் பொய் சொல்லுவான்.”

“தெரியும்.”

“என் பேச்சையும் கேக்கணும்.”

“அதுதான் கஷ்டம்,” என்றார் ஹார்லன்.

டூவெய்ன் சிரித்தான். “அக்காவும் இப்படியேதான் சொல்லும்,” என்றான், ரோட்டைப் பார்த்தபடியே.

ஹில்டா சேறு படிந்த கால்களோடு ஹார்லனின் மடியில் ஏறிச் சுருண்டாள். அவர் அவளை இறக்கி விடவில்லை.